முப்பத்தொரு கிலோ

ஸைமி புஸ்தினெனின் கோபத்தைப் பற்றி எங்கள் ஊர் குர்கிலம்பியில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் நேரில் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். எனக்கு அந்தக் கதைகள் எல்லாம் தெரியும், ஐம்பது வருஷச் சிநேகிதி நான். ஆனால் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அவள் கோபம் இல்லை, என் கோபம். என் புருஷன் தௌனோ மேல் கோபம், சட்டப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரியும் இந்த ஊர்ச்சங்கத்தின் மேல் கோபம். அவர்கள் எல்லாரையும் விட என் மேல்தான் அதிகம். அந்தக் கடைசிக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

முதலில் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷம் ஒட்டுப்பலகை ஆலையில் நின்றே வேலை பார்த்தவள். அங்கே பிர்ச் மரக் கட்டையை வேகவைத்து, கடைசல் இயந்திரத்தில் மாட்டிச் சுற்றவிட்டு, ஆள் நீளக் கத்தியால் தாள் தாளாக உரிப்பார்கள். கட்டையில் கழலை இருந்தால் போச்சு. மரத்தின் மேல் மனிதத் தலை அளவுக்கு, சில மரங்களில் அண்டா அளவுக்குப் புடைத்துக்கொண்டு நிற்குமே, அந்த முண்டு. கத்தி அதில் சிக்கினால் தாள் கிழியும், பட்டறை நிற்கும், மேஸ்திரி கத்துவான். ஒரு நாள் அப்படி ஒன்று சிக்கியபோது மேஸ்திரி, "இந்தப் புத்துநோயை அறுத்துக் குப்பையில போடுங்க"ன்னு சொன்னானாம். ஸைமி அதைக் கையில் தூக்கி அவன் மூக்குக்கு நேரே பிடித்து, "உன் மண்டைக்குள்ள இருக்கறதைவிட இதுக்குள்ள சரக்கு ஜாஸ்தி"ன்னு சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் அதை காலால் உதைத்துப் பனியில் ஓட்டும் சறுக்குவண்டியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

அந்த வார்த்தைக்கு மூன்று நாள் வேலை நீக்கம். அந்த மூன்று நாளில்தான் அவள் அதை அறுத்து உள்ளே பார்த்தாள். நேராக ஓடவேண்டிய நார் எல்லாம் சுழன்று, புள்ளி புள்ளியாகச் சிதறி, ஒவ்வொரு விரற்கடைக்கும் வேறு ஒரு கோலம். நான் போய்ப் பார்த்தபோது அடுப்படி மேசையில் வைத்துக்கொண்டு அதன் மேல் எச்சில் தொட்டுத் தடவிக்கொண்டிருந்தாள். "பாருடி மிர்யா, இதைத்தான் இத்தனை வருஷமா அந்த முட்டாப்பயலுங்க எரிச்சிருக்கானுங்க." அன்றைக்குப் பிடித்த பித்து. மூடிப்போன ஒரு தொழிற்பள்ளியிலிருந்து பழைய கடைசல் இயந்திரம் ஒன்றை வாங்கிப்போட்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. கட்டைவிரல் நகம் ஒன்று போனது, முன்பல் ஒன்று உடைந்தது. கிண்ணம் கடையக் கற்றுக்கொண்டாள்.

கடைவதை விடக் கஷ்டம் கழலையைக் காப்பாற்றி வைப்பது என்று அவளுக்கும் முதலில் தெரியாது. ஆரம்பத்தில் வெட்டிக் கொண்டுவந்த நாலைந்தை, காயட்டும் என்று அடுப்போரம் அடுக்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது துப்பாக்கி வெடித்தது மாதிரி ஒரு சத்தம். அப்போது உயிரோடிருந்த அவள் புருஷன் கோப்பையைக் கீழே போட்டுவிட்டான். பார்த்தால் பெரிய கழலை நடுவில் பிளந்து கிடக்கிறது. அடுத்த வாரத்துக்குள் மற்றவையும் பிளந்தன. ஒரு வருஷ உழைப்பு விறகாகப் போனது.

அப்புறம் அவளே ஒரு முறை கண்டுபிடித்தாள். அதைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லுவாள், கேட்காதவர்களுக்கும் சொல்லுவாள். "ஈரம் தானா போகணும்டி, நாம துரத்தக் கூடாது. எங்க அறுத்தமோ அந்த முகம் வழியாதான் அது ஓடும். அந்த வாயை அன்னைக்கே அடைச்சிடணும். மெழுகு இருந்தா மெழுகு, இல்லாட்டி பழைய எண்ணெய்ப் பெயின்ட், மூணு கை. பட்டையில கை வைக்காதே, அது சட்டை. முதல் ரெண்டு குளிர்காலம் மரத்தூளுக்குள்ள புதைச்சிடு. பிறகு வெயில் படாத வடக்குச் சுவரோரம், மண்ணுல படாம, சட்டத்து மேல." இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவன் கொட்டாவி விட்டால் எழுந்து போய்விடுவாள்.

எப்போது காய்ந்தது என்று எப்படித் தெரியும்? எடைதான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முன்பு ஏரிப் பனிக்கட்டியைச் சேமித்துவைத்த பழைய கொட்டகை உத்தரத்தில் கப்பி மாட்டி, உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் சுருள்வில் தராசைத் தொங்கவிட்டிருந்தாள். வாரா வாரம் எடை போட்டுச் சுவரில் பென்சிலால் எழுதுவாள். ஈரம் போகப்போக எடை குறையும். ஐந்து ஞாயிறு தொடர்ந்து ஒரே எடை நின்றால் கழலை தயார். அதற்கு முன்னால் ராஜாவே வந்து கேட்டாலும் உளி வைக்கமாட்டாள்.

இப்போது பள்ளிக்கூடத்து பிர்ச்சுக்கு வருகிறேன்.

பிள்ளைகள் இல்லாமல் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் மூடியபோது கட்டடத்தை ஊர்ச்சங்கமே வாங்கி, எல்லாரும் கூடும் ஊர்வீடு ஆக்கிக்கொண்டது. முற்றத்தில் ஒரு கிழட்டு பிர்ச். அதன் இடுப்புயரத்தில் பெரிய கழலை. அதில் கால் வைத்துத்தான் நாங்கள் எல்லாரும் மரம் ஏறினோம். நான் அதிலிருந்து விழுந்து கை ஒடித்திருக்கிறேன். ஒரு இலையுதிர்காலப் புயலில் மரம் சாய்ந்தது. ஊர்க்கூட்டம் போட்டு, அந்தக் கழலையை ஸைமியிடம் கொடுப்பது, அவள் அதில் ஊர்வீட்டுக் காப்பி மேசைக்கு ஏலக்காய் ரொட்டி வைக்க ஒரு பெரிய கிண்ணம் கடைந்து தருவது என்று கை தூக்கி முடிவு செய்தார்கள். ஸைமி எழுந்து ஒன்றுதான் சொன்னாள்: "எப்பன்னு யாரும் என்னைக் கேக்கக் கூடாது. கேட்டா அப்படியே தூக்கி ஏரியில போட்டுடுவேன். ஆனா செஞ்சு தருவேன். இது என் வாக்கு."

நாற்பத்தேழு கிலோ இருந்தது. ஈரத்தோடு கடைந்தால் அவளுடைய கிழட்டு இயந்திரம் ஆடிச் செத்துவிடும். முழுசாகத்தான் காயவைக்க வேண்டும். ஊர்வீட்டுத் தரைக்கு அடித்து மிச்சமிருந்த மஞ்சள் பெயின்டையே அறுத்த முகத்தில் மூன்று கை பூசி, கொட்டகை மரத்தூளுக்குள் புதைத்தாள். மூன்று குளிர்காலம். கேட்கக் கூடாது என்றால் எங்கள் ஊர்க்காரர்கள் கேட்காமல் இருப்பார்களா? கிண்ணம் என்ற சொல்லை மட்டும் தவிர்த்துவிட்டு, "ஸைமி, உன் பன்னி எப்படி இருக்கு? தீனி தின்னுதா?" என்பார்கள். அவளும், "இளைச்சிக்கிட்டே வருது, உன் வயிறு மாதிரி இல்ல" என்பாள். அப்படியே அதற்குப் பன்றி என்று பெயர் விழுந்துவிட்டது. மூன்றாவது குளிர்காலத்தில் பன்றியைத் தூளிலிருந்து எடுத்து வடக்குச் சுவரோரச் சட்டத்தில், சின்னக் கழலைகள் பதினொன்றோடு சேர்த்து வைத்தாள். பெயின்ட் பூசிய முகம் வெளியே தெரியும்படி. அதை மாற்றி வைத்தது எனக்குத் தெரியும். தூக்கிவிட்டதே நான்தான்.

மே மாதம் நடுவில் ஸைமிக்கு இடுப்பு மாற்று அறுவை. இருபத்தாறு வருஷம் சிமெண்டுத் தரையில் நின்ற இடுப்பு. அதற்குப் பிறகு நகரத்தில் மகள் வீட்டில் தங்கி நடை பழக வேண்டும். மொத்தம் ஐந்து வாரம். கிளம்பும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் யார் கையையும் பிடிக்கிற ஜாதி இல்லை.

"மிர்யா, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பன்னியை எடை போட்டுச் சொல்லிடு. போன வாரத்துக்கு இந்த வாரம் அரை கிலோதான் குறைஞ்சிருக்கு. நிக்கப்போகுதுடி. நான் அதைப் பாக்காம போறேன்."

"போய் இடுப்பைப் பாரு. பன்னியை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

மே பதினெட்டு. முதல் ஞாயிறு. போனேன். கப்பியில் ஏற்றினேன், கொசு பிடுங்கியது, முதுகு பிடித்துக்கொண்டது. முப்பத்தொரு கிலோ. போனில் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை, மே இருபத்துநாலு. தௌனோ விடிகாலையிலேயே ரம்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். ஊர்ச்சங்கத்தில் அவனுக்கு, ஜூனில் வரும் நடுக்கோடைப் பண்டிகை இரவில் ஊர் கூடி மூட்டும் நெருப்புக்குப் பொறுப்பு. ஏரிக்கரையில் விறகுக்கூம்பு அடுக்க வேண்டும், கொட்டகைக் கூரை மாற்றுகிறவர்கள் வரும் முன் அதன் ஓரத்தில் கிடப்பதையும் ஒழிக்க வேண்டும். மத்தியானம் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தவன் வாசலில் நின்றபடி பெருமையாகச் சொன்னான்.

"கொட்டகை வடக்கால கிடந்த ஆகாத கட்டையெல்லாம் கூம்புக்குப் போயாச்சு. ஒரு பக்கம் பெயின்ட் இருந்துச்சு. பெயின்ட் மரத்தை எரிக்கக் கூடாதில்ல? ஒவ்வொண்ணா அந்தப் பக்கத்தை அறுத்தெடுத்து, குப்பை நிலையத்துல கொடுத்து ரசீதும் வாங்கிட்டேன்."

நான் ரை தானிய மாவு தேய்த்துக்கொண்டிருந்தேன். பேத்தி முறைப் பெண் ஒருத்தி பள்ளிப் படிப்பை முடிக்கிறாள், அடுத்த சனிக்கிழமை விருந்து, அரிசிக்கஞ்சி வைத்த ரை அடை நூற்றைம்பது சுட்டு உறையவைக்க வேண்டும். "நல்லது, பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வா" என்றேன். அவன் சொன்னது காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. இதற்கு நான் ஒரு சாக்கும் சொல்லப்போவதில்லை.

மறுநாள் ஞாயிறு. கை முழுக்க மாவு. போன் அடித்தது.

"எவ்வளவு?" என்றாள் ஸைமி. வணக்கம்கூட இல்லை.

போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாளைக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு கட்டை ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். "முப்பத்தொண்ணு" என்றேன்.

"முப்பத்தொண்ணா! அசையலையா?"

"அசையல."

பொய் ஒரு தடவை சொன்னால் அதோடு முடிவதில்லை. ஜூன் ஒன்றாம் தேதி, விருந்துக்கு மறுநாள், அசதி. முப்பத்தொன்று. எட்டாம் தேதி, உருளைக்கிழங்குப் பாத்தி. முப்பத்தொன்று. ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் குரல் ஒரு பிடி உயர்ந்தது. பதினைந்தாம் தேதி ஐந்தாவது முறை முப்பத்தொன்று என்றேன். ஸைமி புஸ்தினென் அழுதுகொண்டிருந்தாள். "நின்னுடுச்சுடி. மூணு வருஷம். நின்னுடுச்சு. கெர்த்துகிட்ட சொல்லிடு, இந்த வருஷமே கிண்ணம் வருதுன்னு." கெர்த்துதான் எங்கள் ஊர்வீட்டுக் காப்பி மேசையைப் பார்த்துக்கொள்கிறவள். நானும் கெர்த்துவிடம் சொன்னேன். கெர்த்து ஊருக்கே சொன்னாள்.

அந்த மே மாசமும் ஜூன் மாசமும் ஒரு சொட்டு மழை இல்லை. காற்று வேறு. ஏரித் தண்ணீர் கரையை விட்டு உள்ளே போய்விட்டது. கூம்பு திறந்த வெளியில், தெற்கு வெயிலில் நின்றது. இதை நான் தினமும் சைக்கிளில் தாண்டிப் போனேன்.

நடுக்கோடைக்கு முன் வியாழக்கிழமை ஸைமி போன் பண்ணினாள். டாக்ஸியில் வந்துகொண்டிருக்கிறாளாம், வீட்டுக்குப் போகாமல் நேரே கொட்டகைக்கு வருகிறாளாம். "வாடி, கடைசி எடையை ரெண்டு பேரும் சேர்ந்து போடலாம்." அவள் வருமுன் ஒரு தடவை உண்மையாகவே எடை போட்டுவிடுவோம் என்று சைக்கிளை மிதித்தேன். கொட்டகைக்கு வடக்கே சட்டம் வெறுமையாக இருந்தது. உள்ளே தராசுக் கொக்கி மட்டும் தொங்கியது.

அப்போதுதான் தௌனோ வாசலில் நின்று சொன்னது முழுசாக மண்டையில் ஏறியது.

டாக்ஸி வந்தது. ஊன்றுகோல் இரண்டையும் ஊன்றி இறங்கினாள். முகமெல்லாம் சிரிப்பு, தலை வாரியிருந்தாள். என்னைப் பார்த்தாள், சட்டத்தைப் பார்த்தாள்.

"எங்கடி பன்னி?"

ஏரிக்கரையிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. ஸைமி அந்தப் பக்கம் திரும்பி, ஊன்றுகோலைச் சரளையில் குத்திக் குத்தி நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

தௌனோ கூம்பின் முன்னால் ஒரு பலகை அறைந்துகொண்டிருந்தான். "அட ஸைமி! புது இடுப்பா? பாத்தியா கொடுமையை. காடெல்லாம் காய்ஞ்சு கிடக்குன்னு தீயணைப்புக்காரங்க தடை போட்டுட்டாங்க. இந்த வருஷம் நெருப்பு கிடையாது. இவ்வளவும் அடுக்கினது வீண்." பலகையில் தீ மூட்டத் தடை என்று அச்சடித்த தாள்.

ஸைமி அவனைப் பார்க்கவில்லை. கூம்பின் நடுவில், மார்புயரத்தில், பட்டை உள்ளே திரும்பி, அறுத்த முகம் வெயிலைப் பார்த்தபடி பன்றி உட்கார்ந்திருந்தது. நாலு விரல் கனத்துக்கு மஞ்சள் முகம் முழுக்கப் போய்விட்டிருந்தது. விளிம்பிலிருந்து நடு வரைக்கும் வாய் பிளந்திருந்தது, என் விரல் இரண்டு நுழையும்.

"யார் அறுத்தது?"

"நான்தான்" என்றான் தௌனோ. அந்தப் பெருமை இன்னும் போகவில்லை. "பெயின்ட் இருந்துச்சே."

"அந்த பெயின்ட்டை யாருடா அடிச்சது?"

"யாரோ. எங்க மரக்கிடங்குல முப்பது வருஷமா கட்டை முகத்துல மஞ்சள் அடிச்சா ஆகாத கட்டைன்னு அர்த்தம். எரிக்கத்தான் அனுப்புவோம். உன் சரக்கெல்லாம் மரத்தூளுக்குள்ளதான் இருக்குன்னு நினைச்சேன். நல்ல மரத்துக்கு யாராச்சும் பெயின்ட் அடிப்பாங்களா?"

"நான் அடிப்பேன்டா! நான்! ஈரம் ஓடாம இருக்க அடிப்பேன்! மூணு வருஷம் மூடி வச்ச வாயை நீ ரம்பத்தை வச்சுத் திறந்துவிட்டு, வெயில்ல காட்டியிருக்கே! இது பள்ளிக்கூடத்து பிர்ச்சுடா, மடப்பயலே! நீ கால் வச்சு ஏறினது!" ஒரு ஊன்றுகோல் கூம்பின் மேல் பறந்தது. "திருடிக்கிட்டுப் போயிருந்தாகூட மனசு ஆறும். எரிச்சிருந்தாகூட ஆறும். நீ சுத்தம் பண்ணியிருக்கே! சட்டப்படி! ஒவ்வொண்ணா, அக்கறையா!"

தௌனோவின் முகம் அப்போதுதான் வெளுத்தது. தொப்பியைக் கழற்றினான். "ஸைமி, எனக்குத் தெரியாது. சத்தியமா."

"எப்ப அறுத்தே?"

இங்கேதான் என் புருஷனின் ஒழுங்கு என் கழுத்தை அறுத்தது. தெரியாது, போன மாசம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். அவன் பர்ஸைத் திறந்து, நாலாக மடித்த ரசீதை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தான். "மே இருபத்துநாலு, சனிக்கிழமை, பத்து நாப்பது."

ஸைமி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. இருபத்தைந்து, ஒன்று, எட்டு, பதினைந்து. ஞாயிறுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மிர்யா, ஞாயித்துக்கிழமை எவ்வளவுன்னு சொன்னே?"

அந்த நிமிஷம் நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் என்னையே அறைய வேண்டும் போல இருக்கிறது. நான் தௌனோ மேல் பாய்ந்தேன். "உனக்கு அறிவிருக்காய்யா? கட்டைக்கும் கழலைக்கும் வித்தியாசம் தெரியாத நீயெல்லாம் ஒரு மரக்காரன்! ஒரு வார்த்தை கேட்டியா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே?" என்று ஏரி அதிரக் கத்தினேன். அவன் தலையைக் குனிந்து நின்றான். ஸைமி நான் கத்தி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தௌனோவிடம், "அதை எறக்கி என் வீட்டுல கொண்டு போடு" என்று சொல்லிவிட்டு டாக்ஸிக்கு நடந்தாள்.

தௌனோ இறக்கினான். போகும் வழியில் தராசில் மாட்டிப் பார்த்தான், எதற்கென்று அவனுக்கே தெரியாது. இருபத்திரண்டு கிலோ என்று வந்து சொன்னான். மறுநாள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஸைமி வீட்டுக்குப் போனான். அவள் அவனை உட்காரவைத்து இருபது நிமிஷம் திட்டினாளாம். அவன் பரம்பரையை, அவன் கிடங்கை, அவன் ரசீதை. பிறகு காப்பி கொடுத்தாளாம். அதற்குப் பிறகு அவன் ஸைமி வீட்டில் சௌனா என்கிற நீராவிக் குளியலறைக்கு விறகு பிளந்து கொடுக்கிறான், கூரை ஒட்டுகிறான், இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே வேலை செய்கிறார்கள். பிளந்த சின்னக் கழலைகளில் மிஞ்சியதைக் கத்திப் பிடிகளாக அறுக்கச் சொல்லி, அவனையே அறுக்கவைத்தாள்.

என்னை அவள் திட்டவில்லை.

வழியில் பார்த்தால், "குளிர் ஆரம்பிச்சிடுச்சு இல்ல?" என்பாள். "உங்க வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்பாள். ஐம்பது வருஷமாக வாடி போடி என்று பேசியவள், புதுசாகக் குடிவந்தவளிடம் பேசுகிற மாதிரி பேசினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டித் தொலையேன்! ஊன்றுகோலை என் மேல் எறியேன்! மேஸ்திரியைத் திட்டினாய், பாதிரியாரைத் திட்டினாய், என் புருஷனை உட்காரவைத்துத் திட்டிக் காப்பியும் கொடுத்தாய், எனக்கு மட்டும் வானிலை அறிக்கையா? வீட்டில் பாத்திரத்தை உருட்டினேன். ஊரில் போகிற இடமெல்லாம் தௌனோவின் முட்டாள்தனத்தை விளக்கினேன். கேட்கிறவர்கள் அலுத்துப்போகும் வரை விளக்கினேன். தௌனோ ஒரு நாள் சூப்பைக் குடித்துக்கொண்டே, "நான்தான் மன்னிப்புக் கேட்டுட்டேனே மிர்யா, இன்னும் எதுக்கு நீ கத்தறே?" என்று கேட்டான். நான் அவன் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

ஸைமி கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அந்தக் குளிர்காலத்தில் பன்றியைக் கடைந்தாள். பிளந்த மரத்தைச் சுழலவிடுவது உயிரோடு விளையாடுகிற வேலை. பாதி பெயர்ந்து வந்தால் முகத்துக்குத்தான். இரும்புப் பட்டை கட்டி, மெதுவாகச் சுற்றவிட்டு, ஜனவரி முழுக்கக் கடைந்தாளாம். தௌனோ வந்து சொல்லுவான். "'பிளவை அடைச்சிடலாம், பசை ஊத்தி மரத்தூள் வச்சா தெரியாது'ன்னு நான் சொன்னேன், 'தெரியட்டும்'னா."

மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காப்பி. ஊர்வீட்டில் இருபது பேர் இருப்போம். ஸைமி ஒரு சாக்குப்பையைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்து, கிண்ணத்தை எடுத்தாள். கை விரித்தால் கொள்ளாத அகலம். தேன் நிறத்தில், நார் சுழன்று சுழன்று, நான் என் வாழ்க்கையில் அப்படி ஒரு மரத்தைப் பார்த்ததில்லை. விளிம்பிலிருந்து அடி வரைக்கும் அந்தப் பிளவு. கெர்த்துதான் அவசரமாக ஏலக்காய் ரொட்டிகளை எடுத்து அதில் அடுக்கினாள். பிளவு வழியாகச் சர்க்கரைத் துகள் மேசை விரிப்பில் கொட்டியது.

"துணி விரிச்சுக்கலாம், ஒண்ணும் இல்ல" என்ற கெர்த்து, விளிம்பைத் தூக்கித் துணியை அடியில் தள்ளப்போனவள் குனிந்து பார்த்தாள். "அடியில என்னமோ சூடு போட்டு எழுதியிருக்கே. முப்பத்தொண்ணு, முப்பத்தொண்ணு, முப்பத்தொண்ணு... அஞ்சு தடவை. என்ன ஸைமி இது?"

"எடை" என்றாள் ஸைமி, கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அறுத்த பிறகு இருபத்திரண்டு தானே இருந்துச்சு?" என்றான் தௌனோ. எண் தப்பாக இருந்தால் அவனால் சும்மா உட்கார முடியாது. "நான்தானே தராசுல போட்டேன். அஞ்சு வாரமும் எப்படி முப்பத்தொண்ணு வரும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அப்ப படுக்கையில கிடந்தேன். மிர்யாவைக் கேளு. அவதான் போட்டா."

இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். தௌனோவும் பார்த்தான், அவன் முகத்தில் கணக்கு ஓடுவது தெரிந்தது. நான் ஒன்பது மாசமாக ஊர் முழுக்க முட்டாள் என்று சொன்ன மனுஷன். தப்பு செய்த மறுநாளே தொப்பியைக் கழற்றிக்கொண்டு போன மனுஷன்.

எழுந்து நின்றேன்.

"முதல் தடவை போட்டேன்" என்றேன். "அப்புறம் போடவே இல்ல. நாலு வாரமும் போகவே இல்ல. அடை சுட்டுக்கிட்டு இருந்தேன், பொய் சொன்னேன். அறுத்த மறுநாளே போயிருந்தா கட்டை கூம்புல ஒரே ஒரு நாள்தான் கிடந்திருக்கும். தௌனோ அறுத்தது தெரியாம. நான் தெரிஞ்சே சொன்னேன்."

கெர்த்து காப்பிக் கெட்டிலை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

ஸைமி கோப்பையைக் கீழே வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். கழுத்து சிவந்தது, பிறகு காது, பிறகு நெற்றி. எனக்கு அந்தச் சிவப்பு ஐம்பது வருஷப் பழக்கம்.

"ஒம்பது மாசம்" என்றாள். "ஒம்பது மாசமாடி வேணும் உனக்கு இதைச் சொல்ல? வெக்கங்கெட்ட கழுதை! நான் மக வீட்டுப் படுக்கையில அழுதேன்டி, நின்னுடுச்சுன்னு! அடை சுட்டாளாம் அடை! மக வீட்டுக்கு நீ கொடுத்தனுப்பின அந்த அடையும் கருகித்தான் இருந்துச்சு, வாயில வைக்க முடியல, உன் மூஞ்சிக்காகத் தின்னேன்! ஏன்டி, போகலன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் நாக்கு என்ன அழுகியா போயிடும்?"

ஆரம்பித்துவிட்டாள். என் சோம்பேறித்தனம், என் வாய், பள்ளிக்கூடத்தில் நான் அவள் பென்சிலை உடைத்தது, அந்த மரத்திலிருந்து நான் விழுந்தபோது என்னைச் சுமந்துகொண்டு போனது யார் என்பது, எல்லாம் வந்தது. கால் மணி நேரம் மூச்சு விடாமல் திட்டினாள். ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்து, பிளந்த கிண்ணத்திலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துத் தின்றபடி, ஒவ்வொரு வார்த்தையையும் வாங்கிக்கொண்டேன்.